வந்தவர் சொன்ன கணக்கு

கதவைத் தாழிட்டுவிட்டால் திருடன் வரமாட்டான் என்பது குடித்தனக்காரர்களின் பழைய நம்பிக்கை. கைப்பேசியும் கம்ப்யூட்டரும் வீட்டுக்குள் வந்து குடியேறிய பிறகு, அவற்றின் விஷயத்திலும் இந்த நம்பிக்கை அப்படியே தொடர்ந்து வருகிறது. முன்பின் அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடாதே. ரகசிய எண்ணை ஒருவருக்கும் சொல்லாதே. கண்ட கண்ட செயலிகளை இறக்கிக்கொள்ளாதே என்று பெரியவர்கள் சிறியவர்களுக்கும், இந்தக் காலத்தில் சிறியவர்கள் பெரியவர்களுக்கும் புத்தி சொல்லி வருகிறார்கள். மெத்த நல்ல புத்திதான். பெரும்பாலான மோசங்கள் நாமே கதவைத் திறந்துவிடுவதனால்தான் நேருகின்றன. ஆனால் நாம் எதையும் தொடாமல், எதையும் திறக்காமல் இருக்கும்போதே, மேஜைமேல் கிடக்கும் யந்திரத்துக்குள் அயலான் புகுந்துவிடக் கூடிய வழி ஒன்றும் இருக்கிறது. அந்த வழியைப்பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சற்று விவரமாய்ச் சொல்ல விரும்புகிறேன்.

யந்திரம் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிறோமே தவிர, உண்மையில் அது சும்மா இருப்பதில்லை. வைஃபை வசதியுள்ள கைப்பேசியும் மடிக் கம்ப்யூட்டரும், "அருகில் யாராவது உண்டா?" என்று ரேடியோ அலைகளின் மூலம் அடிக்கடி குரல் கொடுக்கின்றன. அக்கம்பக்கத்திலுள்ள வைஃபை பெட்டிகள், "நான் இருக்கிறேன், என் பெயர் இன்னது" என்று பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களைக்கொண்டுதான் மாடி வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், மூலைக் கடைக்காரர் ஆகியோரின் பெயர்கள் நம் திரையில் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்றோடும் நாம் சேரவில்லை. ஆயினும் அவை சொன்னவற்றை நம் யந்திரம் கேட்டு, எழுதியும் வைத்துக்கொண்டுவிட்டது. கண்ணுக்கு இமை உண்டு. காதுக்குக் கதவு ஏது?

இப்படிக் கேட்டு எழுதுகிற காரியத்தைச் செய்வது 'டிரைவர்' என்னும் ஒரு புரோகிராம். டிரைவர் என்றதும் காக்கிச் சட்டை போட்ட மோட்டார் ஓட்டியை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவரைத் துபாஷி என்று சொன்னால் இன்னும் பொருத்தமாயிருக்கும். வைஃபை சில்லைச் செய்தது ஒரு கம்பெனி. விண்டோஸ், லினக்ஸ் முதலிய ஆப்பரேட்டிங் ஸிஸ்டத்தைச் செய்தவர்கள் வேறு. ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாது. நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்கும், அவர் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொல்வதே டிரைவரின் உத்தியோகம்.

இந்தத் துபாஷிக்கு வீட்டில் உள்ள அந்தஸ்துதான் நாம் கவனிக்கவேண்டிய விஷயம். நாம் இறக்கிக்கொள்ளும் விளையாட்டுச் செயலி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போன்றது. உள்ளே ஒரு பொருளைத் தொடவேண்டுமானால் அது வீட்டுக்காரரை அநுமதி கேட்கவேண்டும். ஆனால் நெட்வொர்க் டிரைவரோ, விண்டோஸிலும் லினக்ஸிலும் பெரும்பாலும் 'கெர்னல்' என்ற நடு அறைக்குள்ளேயே வாசம் செய்கிறது. அங்கே இருப்பவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதாவது, தெருவில் போகிறவன் சொல்வதை முதலில் காதில் வாங்குகிறவனும் அவனே. வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறவனும் அவனே. இந்த இரண்டு உத்தியோகங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் இங்கே சொல்லப்போகிற தொல்லைகளுக்கெல்லாம் ஆதிகாரணம்.

தொல்லை எப்படி விளைகிறது? கம்ப்யூட்டரின் ஞாபகத்தை ஒரு நீண்ட கரும்பலகையாகப் பாவித்துக்கொள்ளுங்கள். பலகை ஒன்றுதான், அதில் எழுதுகிறவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று சாக்குக்கட்டியால் கோடு கிழித்துவிட்டிருக்கிறது. 'வந்தவரின் பெயரை இங்கே எழுதுக' என்று 32 எழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை ஒட்டி அடுத்த கட்டத்தில், 'இந்த வேலை முடிந்ததும் இன்ன இடத்துக்குப் போய் அங்குள்ள உத்தரவின்படி நட' என்ற குறிப்பு எழுதியிருக்கிறது. வந்தவரின் பெயர் 32 எழுத்துக்குள் இருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. 100 எழுத்தாயிருந்தால்? எழுதுகிறவன் புத்திசாலியானால் கோட்டின் அருகே வந்ததும் நிறுத்திவிடுவான். டிரைவரோ சொன்னதைச் செய்கிற பிள்ளை. நிறுத்து என்று யாரும் சொல்லாததால், அது கோட்டைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். பக்கத்துக் கட்டத்தில் இருந்த குறிப்பு அழிந்து, வந்தவர் பெயரின் வால் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். அந்த வாலில் 'நான் சொல்லும் இடத்துக்குப் போ' என்று வந்தவர் முன்யோசனையாய் எழுதியிருந்தால், யந்திரம் பரம சாதுவாக அங்கே போகும். அப்புறம் அது நம் யந்திரம் அல்ல. பலகையில் கிழித்தது கோடுதானே ஒழிய, சுவர் அல்ல.

இது கற்பனைக் கதை அல்ல. 2006-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சில ஆராய்ச்சிக்காரர்கள் 'கெர்னல் குறைகளின் மாதம்' என்று பெயர் வைத்து, நாளுக்கொரு குறையாக வெளியிட்டு வந்தார்கள். அவற்றில் ஒன்று, பிராட்காம் கம்பெனியின் வைஃபை சில்லுக்காக விண்டோஸில் ஓடிய டிரைவரைப் பற்றியது. வைஃபை விதிகளின்படி ஒரு நெட்வொர்க்கின் பெயர் 32 பைட்டுக்கு மேற்படக் கூடாது. ஆனால் பெயரின் நீளத்தைக் குறிப்பதற்கென்று பதிலில் ஒரு பைட் இடம் இருக்கிறது. ஒரு பைட்டில் 255 வரையில் எந்த எண்ணையும் எழுதலாம். விதி 32 என்கிறது; படிவமோ 255-க்கு இடம் கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள சந்துதான் கள்ளன் புகும் சந்து. டிரைவர் விதியைப் பார்க்கவில்லை. வந்தவர் சொன்ன நீளத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுதிவிட்டது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர் எந்த நெட்வொர்க்கிலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. வைஃபை இயங்கிக்கொண்டிருந்தாலே போதும். அந்த ஒரே டிரைவர் எச்.பி., டெல், கேட்வே முதலிய பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களோடு வந்திருந்தபடியால், திருத்தமும் ஒவ்வொரு கம்பெனியின் வாசல் வழியாகத் தனித்தனியே வரவேண்டியிருந்தது.

"அது ஆதி காலம், இப்போது எல்லோரும் கற்றுக்கொண்டிருப்பார்களே!" என்று நேயர்கள் கேட்கலாம். 2019-ஆம் வருஷத்து விஷயத்தைப் பாருங்கள். லினக்ஸில் ரியல்டெக் சில்லுகளுக்கான வைஃபை டிரைவர் ஒன்று உண்டு. இரண்டு கருவிகள் நடுவில் பெட்டி எதுவும் இல்லாமல் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும்போது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒன்று மற்றொன்றுக்கு, "இன்ன நேரம்வரை நான் இருக்கமாட்டேன்" என்று அறிவிப்பு அனுப்புவதற்கு விதி இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்து லீவுக் கடிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லீவு விவரமும் 13 பைட். டிரைவர் தன் பலகையில் 2 விவரங்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருந்தது. வந்த கடிதத்தின் நீளத்தை 13-ஆல் வகுத்து, எத்தனை விவரம் என்று கணக்கிட்டது. வகுத்தல் சரிதான், எங்கள் வகுப்பாயிருந்தால் அதற்கு முழு மார்க்கும் கொடுத்திருப்பேன். ஆனால் வந்த விடை 2-க்கு மேலிருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் அது கேட்டுக்கொள்ளவில்லை. எத்தனை வந்தாலும் அத்தனையையும் எழுதப் புறப்பட்டது.

இந்தக் குறை 2013-ஆம் வருஷத்திலிருந்து 2019 அக்டோபர் வரையில் கண்டுபிடிக்கப்படாமலே இருந்தது. லினக்ஸ் புரோகிராமோ மூடிவைத்த ரகசியம் அல்ல. விருப்பமுள்ள எவரும் எடுத்து வாசிக்கலாம். அவ்வளவு பகிரங்கமாக, ஆறு வருஷகாலம் எல்லோர் கண்ணுக்கும் எதிரே அது இருந்திருக்கிறது. கடைசியில் அதற்குச் செய்த திருத்தத்தின் சாரம் என்ன தெரியுமா? 'எண்ணிக்கை 2-க்கு மேற்பட்டால் 2 என்றே வைத்துக்கொள்' என்பதுதான். இரண்டு வரியில் அடங்கிவிட்டது.

இவ்வளவு சின்னக் குறை ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. யோக்கியர்கள் வந்துபோகிற வரையில் இந்த மாதிரிக் குறைகள் தெரியவே தெரியாது. ஒழுங்கான வைஃபை பெட்டி ஒருநாளும் 33-ஆவது எழுத்தை அனுப்பாது. ஒழுங்கான கருவி தேவைக்கு மேல் லீவு கேட்டு எழுதாது. லட்சக்கணக்கான வீடுகளில், வருஷக்கணக்காய், டிரைவர் தப்பில்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். 'நன்றாய் ஓடுகிறதே' என்பது ஒரு அத்தாட்சியாகவே ஆகிவிடும். அயோக்கியன் ஒருவன் வந்து, வேண்டுமென்றே பொய்க் கணக்குச் சொல்லும்போதுதான் கோடு சுவரல்ல என்பது வெளிப்படும். ஆகவே ஒரு புரோகிராம் சரியானதை ஏற்கிறதா என்று பரீட்சை வைத்தால் போதாது; தவறானதை மறுக்கிறதா என்றும் பரீட்சை வைக்கவேண்டும். பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாய்த் தெரியும்.

விலையுயர்ந்த சாமான் வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. கூகிள் கம்பெனியைச் சேர்ந்த இயன் பியர் என்ற ஆராய்ச்சியாளர், 2020-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியன்று ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஆப்பிள் கருவிகள் படங்களையும் பிறவற்றையும் ஒன்றுக்கொன்று நேராக அனுப்பிக்கொள்வதற்கு வைஃபையின்மேல் ஒரு தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டில், பக்கத்துக் கருவிகளின் விலாச வரிசை ஒன்றை வாங்கி எழுதுமிடத்தில், மேலே சொன்ன அதே பிசகு இருந்தது. ஆறு மாதகாலம் தனி ஆளாய் உழைத்து, அடுத்த அறையிலிருந்த ஐபோனை யாரும் தொடாமலே வசப்படுத்தி, அதில் எடுத்திருந்த படத்தை அவர் வெளியே கொண்டுவந்து காட்டினார். நல்லவேளை, அவர் முன்கூட்டியே கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டதால், கட்டுரை வெளியாவதற்குப் பல மாதம் முன்னதாகவே ஆப்பிள் கம்பெனி திருத்தம் அனுப்பிவிட்டது. விஷயம் அதோடு ஓய்ந்துவிடவுமில்லை. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், விண்டோஸின் வைஃபை டிரைவரில் வந்த தகவலைச் சரியாகச் சோதிக்காத ஒரு குறைக்காக மைக்ரோஸாப்ட் கம்பெனியும் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பத்துக்கு 8.8 என்று அதன் கடுமைக்கு மார்க் போட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். வைஃபை டிரைவரின் குறையை உபயோகித்துக்கொள்ள நினைப்பவன் ரேடியோ அலை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்; உலகத்தின் மறுகோடியிலிருந்து அதைச் செய்ய முடியாது. யந்திரத்தை நிலைகுலையச் செய்வது சுலபம். அதை முழுதும் வசப்படுத்துவது கடினம். ஆகையால் இன்றிரவு தூக்கம் வராமல் புரளவேண்டிய அவசியம் யாருக்குமில்லை. ஆனால் ரயில்வே ஸ்டேஷனிலும், ஆஸ்பத்திரியிலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும், அலை எட்டும் தூரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதன் வேர் எங்கே இருக்கிறது? 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 'ஸி' என்ற புரோகிராம் பாஷையை உருவாக்கினார். அதி அற்புதமான பாஷை. சிக்கனமானது, வேகமானது. எழுதுகிறவன் தவறமாட்டான் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது. கட்டத்தின் எல்லையை அது தானாகச் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பை எழுதுகிறவனிடமே விட்டுவிட்டது. டிரைவர்கள் பெரும்பாலும் இந்தப் பாஷையிலும் இதன் வாரிசுகளிலுமே எழுதப்பட்டு வந்திருக்கின்றன.

எல்லையைச் சோதிக்கவேண்டும் என்பது அதற்கு முன்னால் யாருக்கும் தோன்றாத யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் டோனி ஹோர் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் 1960-களில் செய்த அல்கால் மொழிமாற்றிப் புரோகிராமில், ஒவ்வொரு தடவையும் எல்லையைச் சோதிக்கும் ஏற்பாடு இருந்தது. சோதனையை நிறுத்தினால் வேகம் கூடுமே, நிறுத்திக்கொள்ள ஒரு வசதி செய்து தரட்டுமா என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்களாம். 1980-ஆம் வருஷத்தில் டூரிங் பரிசு பெற்ற சமயம் செய்த பிரசங்கத்தில் ஹோர் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். வாடிக்கைக்காரர்களுக்கு அன்று இருந்த விவேகம் பின்னால் வந்த தொழிலுக்கு இல்லாமற் போயிற்று என்றுதான் சொல்லவேண்டும்.

டிரைவர்களில் இந்தத் தொல்லை அதிகமாய் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. லினக்ஸ் கெர்னலின் புரோகிராமில் பாதிக்கு மேற்பட்டது டிரைவர்கள்தாம். 2001-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் மூன்று மடங்கு முதல் ஏழு மடங்கு வரையில் அதிகமாக இருப்பதாகக் கண்டார்கள். இதில் ஆச்சரியமில்லை. நடு அறையை எல்லோரும் பெருக்கித் துடைக்கிறார்கள்; ஒரு சில்லுக்கு மட்டும் உரிய டிரைவரோ, அந்தச் சில்லு வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் எட்டிப் பாராத மூலை.

பரிகாரம் இல்லாமல் இல்லை. எல்லைச் சோதனையை எழுதுகிறவனின் ஞாபகசக்திக்கு விடாமல், பாஷையே செய்துவிடுவதென்பது ஒரு வழி. 'ரஸ்ட்' என்ற பாஷை அப்படிப்பட்டது. பல பிழைகளை அது புரோகிராம் ஓடுவதற்கு முன்பே சுட்டிக் காட்டி, 'திருத்திக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்பிவிடும். ஓடும்போது எல்லை தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நின்றுபோவதும் ஒரு நஷ்டம்தான்; ஆனால் வண்டி நின்றுபோவதற்கும், வண்டியைத் திருடன் ஓட்டிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? 2022 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.1-இல் இந்தப் பாஷைக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. 2024 மார்ச்சில் வந்த 6.8-இல், ஒருவகை நெட்வொர்க் சில்லுக்கான சிறு டிரைவர் ரஸ்டில் எழுதப்பட்டு உள்ளே வந்தது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இத்தகைய பாஷைகளில் எழுதத் தொடங்கியதன் பலனாக, அதன் பாதுகாப்புக் குறைகளில் ஞாபகப் பலகையைச் சேர்ந்தவை 2019-இல் நூற்றுக்கு 76-ஆக இருந்தது, 2024-இல் 24-ஆகக் குறைந்துவிட்டது என்று கூகிள் கம்பெனி தெரிவித்தது. ரஸ்டிலும், சோதனையைத் தளர்த்திக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கோடிக்கணக்கான பழைய வரிகளை ஒரு நாளில் மாற்றிவிடவும் முடியாது. ஆயினும் கோடு இருந்த இடத்தில் சுவர் எழும்ப ஆரம்பித்திருக்கிறது.

அதுவரையில் வீட்டுக்காரர்கள் செய்யவேண்டியது என்ன? மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வந்தது. திருத்தம் வந்த யந்திரங்கள் பிழைத்தன. வராதவை அப்படியே இருந்தன. என் மனத்தை உறுத்துவது இந்த இரண்டாவது வகைதான். வீட்டுத் தலைவர் புதுக் கைப்பேசி வாங்குகிறார். பழையது பாட்டிக்குப் போகிறது. அல்லது பாடம் படிக்கப் பெண்ணுக்கு வருகிறது. அந்தப் பழைய யந்திரத்துக்குக் கம்பெனி திருத்தம் அனுப்புவதை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருக்கலாம். ஆனால் பாட்டியின் பென்ஷன் கணக்கு அதில் இருக்கிறது. பெண்ணின் படங்களும் கடிதங்களும் அதில் இருக்கின்றன. வீட்டிலேயே மிகவும் பலவீனமான பூட்டை, வீட்டிலேயே மிகவும் காப்பாற்றப்பட வேண்டியவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். இதில் அன்பு இல்லை என்று யார் சொல்வார்கள்? கவனம்தான் இல்லை.

ஆகையால் கைப்பேசி வாங்கும்போது, படம் எடுக்கும் திறத்தைக் கேட்பதற்கு முன்னால், "பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருஷம் வரும்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20-ஆம் தேதி முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் திருத்தங்கள் கிடைக்கவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். சட்டம் இருக்கும் இடத்தில் சட்டம் கேட்கும். இல்லாத இடத்தில் வாங்குகிறவர்தான் கேட்கவேண்டும். திருத்தம் நின்றுபோன யந்திரத்தில் பாங்குக் கணக்கை வைக்காதீர்கள். வெளியில் எடுத்துப் போகும்போது அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள வைஃபை பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான்; அதற்கும் திருத்தம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

புரோகிராம் எழுதும் தொழிலுக்குப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது இன்னும் சுருக்கமானது. வாசலில் நிற்பவர், தாம் இத்தனை பேர் என்று சொன்னால், மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இலை போடுவதற்கு முன் நீங்களே ஒருமுறை எண்ணிவிடுங்கள். இதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி எழுதப்படாமல் ஒரு யந்திரம் ஆறு வருஷம் இருந்ததென்பதை அவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் சரி.